பாலத்துக்கும் புகைபோக்கிக்கும் நடுவில்

சம்பந்தி விமானம் வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்று டைல்ஸ் கடைக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கார் என்றால் அதைவிட நீளமான கார் ஒன்றைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தி, கணக்கைத் தீர்த்திருப்பார். மரக்கடைக்காரர் வாங்கியதோ நாலு பேர் உட்காரக்கூடிய வெள்ளை விமானம். பழையதுதான். அடித்த பெயிண்டுக்கு அடியில் எத்தனை பேர் கைமாறியதோ தெரியாது. ஆனாலும் பறக்கிறதே!

மறு வருஷமே டைல்ஸ்காரரும் ஒன்று வாங்கிவிட்டார். சம்பந்தியின் விமானத்துக்கு இறக்கை காலடியில் இருந்தது, தட்டு ஏந்தியதைப் போல. இவருடையதற்கு இறக்கை தலைக்கு மேலே, குடை பிடித்ததைப் போல. "கீழே ஊரெல்லாம் பளிச்சுன்னு தெரியும். அவருக்கு இறக்கை மறைக்கும்" என்று இவர் சொல்லிக்கொண்டார். "மேல பூராவும் திறந்து கிடக்கும். அவர் தலைக்கு மேல எது வந்தாலும் அவருக்குத் தெரியாது" என்று அவர் சொல்லிக்கொண்டார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. இரண்டு உண்மையையும் சேர்த்துப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

இருவருக்கும் நடுவில் ஒருத்தி இருந்தாள். டைல்ஸ்காரருக்கு மகள், மரக்கடைக்காரருக்கு மருமகள். தொழில், கடைச் சரக்கைப் படம் எடுத்துக் கொடுப்பது. ஒரு சாதாரணக் கதவைத் தேக்குக் கதவு மாதிரி காட்டத் தெரிந்தவள் என்பதால் போட்டோக்காரிக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. பிறந்த வீட்டில் பேரத்தைக் கேட்டு வளர்ந்து, புகுந்த வீட்டிலும் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஏணியில் ஏறினாலே தலை சுற்றுகிற புருஷன் இந்த விஷயத்தில் தலையிடுவதில்லை. "உங்கப்பாவும் எங்கப்பாவும் ஆகாசத்துல என்ன வேணா பண்ணட்டும். தரையில நம்ம பக்கம் வராம இருந்தா சரி" என்பான்.

அவளுக்கு அப்படி விட்டுவிட முடியவில்லை. விழுந்தால் இரண்டு பேரும் சேர்ந்து விழுவார்கள். ஒரே நாளில் அவளுக்கு அப்பாவும் இல்லை, மாமனாரும் இல்லை. இரண்டு கடைக்கும் கல்லாவில் உட்கார ஆள் இல்லை, இரண்டு வீட்டிலும் விளக்கில்லை.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. விமானக் கழகத்தில் பறக்கக் கற்றுக்கொடுக்கிற டீச்சர், போட்டோக்காரியைவிட வயதில் சின்னவள், இரண்டு பெரியவர்களையும் பெஞ்சில் உட்காரவைத்து ஒரு செய்தியைச் சொன்னாள். வேறெங்கோ ஓர் ஊரில் ஒரு பல் டாக்டரும் அவருடைய நண்பரும் ஆளுக்கொரு விமானத்தில் சேர்ந்து போய், காலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். மேகம் இல்லை, காற்று இல்லை. நடுவானத்தில் ஒன்றோடொன்று மோதி இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

"அவ்வளவு பெரிய ஆகாசத்துல விலகிப் போக இடமா இல்ல?" என்றார் மரக்கடைக்காரர்.

"இடம் நிறைய இருந்துச்சு சார். முன்னப் பின்ன தெரியாதவன் உங்க பக்கத்துல வந்து பறக்க மாட்டான். சிநேகிதன்தான் வருவான். சம்பந்திதான் வருவார்."

இரண்டு சம்பந்திகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சேர்ந்து போனா ஒருத்தர் லீடர். வழி பாக்குறது, ரேடியோ பேசுறது, எங்க திரும்புறதுன்னு முடிவு பண்றது, எல்லாம் அவர். இன்னொருத்தர் பின்னாடி வர்றவர். அவருக்கு ஒரே வேலை. லீடரைப் பாத்துக்கிட்டே வரணும். கண்ணை எடுக்கக் கூடாது."

"அதாவது முதலாளி, கணக்குப்பிள்ளை மாதிரி" என்றார் டைல்ஸ்காரர்.

"இல்ல, வழி காட்டுறவர், அவர் தோளைப் பிடிச்சுக்கிட்டே நடக்குறவர் மாதிரி" என்றாள் டீச்சர். "பின்னாடி வர்றவர் ஒரு நொடி லீடரைத் தவறவிட்டாலும் ரேடியோவுல 'காணோம்'னு சொல்லணும். சொல்லிட்டு உடனே விலகிப் போயிடணும். கூச்சப்படவே கூடாது."

இரண்டு பேரும் பலமாகத் தலையாட்டினார்கள். போட்டோக்காரிக்கு அந்தத் தலையாட்டல் நன்றாகத் தெரியும். அடிமாட்டு விலைக்குக் கேட்கிற வாடிக்கையாளரிடம் "பாத்துப் போட்டுத் தர்றேன், வாங்க" என்று ஆட்டுகிற தலை அது. கழுத்துக்கு மேலே எதுவும் ஏறியிருக்காது.

அந்த வருஷம் இரண்டு கடைக்கும் சேர்த்து ஒரே காலண்டர் அடிப்பதென்று பேச்சு. அட்டையில் இரண்டு விமானமும் வானத்தில் சேர்ந்து பறக்கிற படம். யார் விமானம் முன்னால் என்று கேள்வி வந்தது. ஆறு மாதத்துக்கு இவர் படம், ஆறு மாதத்துக்கு அவர் படம் என்று முடிந்தது. முதல் ஆறு மாதம் யாருக்கு என்பது இழுபறியில் நின்றது. படம் எடுக்க வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியாளுக்கு எதற்குக் கூலி என்பதில் மட்டும் சம்பந்திகளுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

"சரி, நான் வர்றேன். ஆனா யார் லீடர்னு தரையிலேயே பேசி முடிச்சிடணும்" என்றாள் அவள்.

பேசி முடித்தார்கள். போகும்போது டைல்ஸ்காரர் லீடர். மருமகள் மாமனாரோடு உட்கார்ந்து, முன்னால் போகும் அப்பா விமானத்தைப் படம் எடுப்பாள். பக்கத்து ஊர் ஓடுபாதையில் இறங்கி டீ குடித்துவிட்டு, வரும்போது மரக்கடைக்காரர் லீடர். மகள் அப்பாவோடு உட்கார்ந்து மாமனார் விமானத்தை எடுப்பாள். டீச்சரும் சரி என்றாள்.

போனதில் ஒரு குறையும் இல்லை. மரக்கடைக்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சம்பந்தி விமானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். எங்கே தப்புப் பண்ணுவார், இறங்கினதும் சொல்லிக்காட்டலாம் என்ற ஆசைதான். எந்த ஆசையானாலும் கண் அங்கேயே இருந்தது.

வினை டீக்கடையில் பிடித்தது. டைல்ஸ்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஒண்ணு கேக்கணும் சம்பந்தி" என்று ஆரம்பித்தார். "வரும்போது நீங்க முன்னாடி. ஒத்துக்கிட்டேன். ஆனா நம்ம ஊர்ல இறங்கும்போது கழகத்து ஆளுங்க எல்லாம் பாத்துக்கிட்டு நிப்பாங்க. உங்க பின்னாடி நான் இறங்கினா நல்லாவா இருக்கும்?"

"அதுக்கு?"

"ஆத்துப் பாலம் வரைக்கும் நீங்க. பாலம் தாண்டினா நான்."

"பாலமா? பாலத்துலேர்ந்து பாத்தாலே ஓடுபாதை தெரியுமே! அப்புறம் நான் என்னத்துக்கு லீடர்? செங்கல் சூளைப் புகைபோக்கி வரைக்கும் நான். அதுக்கப்புறம் வேணா நீங்க போங்க."

"புகைபோக்கி வந்தா ஊரே வந்தாச்சு சம்பந்தி."

"பாலத்துல விட்டா நான் முன்னாடி வந்ததை ஊர்ல ஒருத்தரும் பாக்க மாட்டாங்களே."

டீ ஆறிப்போய், இன்னொரு டீ வந்து, அதுவும் ஆறியது. கடைசியில் எல்லாப் பேரமும் முடிகிற இடத்தில் அதுவும் முடிந்தது.

"சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம். நடுவுல மாத்திக்கலாம்."

"நடுவுல. முடிஞ்சுது."

கை குலுக்கிக்கொண்டார்கள். போட்டோக்காரி கேமராவின் பட்டையைக் கழுத்தில் மாட்டியபடி, "நடுவுலன்னா எங்க?" என்று கேட்டாள்.

"நடுவுலதாம்மா. பாலத்துக்கும் புகைபோக்கிக்கும் நடுவுல."

"அங்க என்ன இருக்கு? வெறும் பொட்டல்."

"வந்தா தெரியாதா?" என்றார் அப்பா.

"உனக்கு ஏம்மா கவலை, நாங்க பேசிக்குவோம்" என்றார் மாமனார்.

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. கடைக்காரன் நடுவை அளந்தால் அது அவன் பக்கம் கொஞ்சம் தள்ளித்தான் விழும். துணி அளக்கிறவன் விரல் மாதிரி. ஆனால் படிந்த பேரத்தைக் கலைப்பது அவள் வளர்ந்த வீட்டில் பெரிய குற்றம். வாயை மூடிக்கொண்டு அப்பாவின் விமானத்தில் ஏறினாள்.

மரக்கடைக்காரர் முன்னால், சற்று வலது பக்கத்தில் பறந்தார். இவர்கள் பின்னால். ஜன்னல் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படம் எடுத்தாள். நல்ல படங்கள். வெள்ளை விமானம், பின்னால் மங்கலான மலைவரிசை, ஜன்னலில் மாமனாரின் பக்கவாட்டு முகம். கல்லாவில் உட்கார்ந்திருக்கிற அதே தோரணை, தாடை தூக்கி, நேர்ப்பார்வை.

பாலம் வந்தது, போனது. ஆறு முடிந்து மணல் முடிந்து பொட்டல் ஆரம்பித்தது. அப்பா எஞ்சினை முடுக்கினார். மூக்கு சற்றுத் தணிந்தது. சம்பந்தியின் விமானம் கேமராவுக்குள் மேலே மேலே நகர்ந்தது. அவள் கேமராவை உயர்த்தினாள். அது இன்னும் மேலே போய், தலைக்கு மேலிருந்த இறக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கேமராவில் வெறும் வானம்.

"அப்பா, மாமா எங்க?"

"கீழ வழியா அவரை முந்திட்டேன். இப்ப நான் லீடர். இனிமே அவர் பாத்துக்குவார்."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"நடு தாண்டியாச்சுல்ல?"

"சொன்னீங்களாப்பா?"

"நான் எதுக்கு முதல்ல வாயைத் திறக்கணும்? நான் கேட்டா, இன்னும் நடு வரலைம்பார். அவரே பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்."

ரேடியோ வாய் மூடிக் கிடந்தது. அவளுக்குப் புரிந்தது. மாமனாரின் நடு இன்னும் வந்திருக்காது. அவர் கணக்கில் அவர்தான் லீடர். பின்னால் வருகிறவர் தன்னைப் பார்த்துக்கொண்டு வருகிறார் என்ற நிம்மதியில், புகைபோக்கியைப் பார்த்தபடி மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருப்பார். இங்கே அப்பா இறங்குவதற்காக வேகத்தைக் குறைத்து, ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு முதலாளிகள். கணக்குப்பிள்ளை ஒருவரும் இல்லை. அப்பாவுக்கு மேலே பார்க்க முடியாது, குடை. மாமனாருக்குக் கீழே பார்க்க முடியாது, தட்டு.

அப்போதே அவள் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. யாராவது ஒருவர் பேசிவிடுவார் என்று அவளும் காத்திருந்தாள். வளர்ந்த வீடு அப்படி.

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். உச்சி வெயிலில் பொட்டல்மீது இரண்டு நிழல்கள் ஓடின. ஒன்று இவர்களுடையது. இன்னொன்று அதன் வாலை ஒட்டி வந்து, வாலைத் தின்று, முதுகில் ஏறியது. பிறகு பொட்டலில் ஒரே ஒரு நிழல்தான் ஓடியது.

"அப்பா, இறக்குங்க!"

"என்னம்மா நீ, இப்ப இறக்கினா..."

அவள் முன்னாலும் விமானத்தை ஏற்றி இறக்குகிற கைப்பிடி ஒன்று இருந்தது. அதைத் தொடவே கூடாது என்று சொல்லித்தான் உட்காரவைத்திருந்தார்கள். இரண்டு கையாலும் பிடித்து முன்னால் தள்ளினாள். விமானம் குப்புற இறங்கியது. கேமரா மடியிலிருந்து எழும்பியது, அப்பாவின் தலை கூரையில் இடித்தது. அதே நேரத்தில் மேலிருந்து 'தட்' என்று ஒரு சத்தம். மூட்டையைப் பரணிலிருந்து தூக்கிப் போட்டது மாதிரி.

ரேடியோவுக்கு உயிர் வந்தது.

"சம்பந்தி! எதுமேலயோ இடிச்ச மாதிரி இருந்துச்சே! நீங்க எங்க இருக்கீங்க?"

"உங்க காலுக்குக் கீழ!" என்றார் அப்பா.

"அங்க என்ன பண்றீங்க? பின்னாடிதானே வரணும்?"

"யாரு பின்னாடி வரணும்? நடு தாண்டியாச்சு!"

"எங்க தாண்டிச்சு? இன்னும் புகைபோக்கிகூட..."

அவள் பேசுகிற பட்டனை அழுத்தினாள். "மாமா, அப்படியே மேல ஏறுங்க. எந்தப் பக்கமும் திரும்பாதீங்க. அப்பா, நீங்க கீழயே போங்க. ரெண்டு பேரும் வாயை மூடுங்க."

அவள் சொன்னதை இரண்டு பேரும் கேட்டது அதுதான் முதல் தடவை.

தரையில் டீச்சர் ஏணி போட்டு ஏறி டைல்ஸ்காரரின் இறக்கையைப் பார்த்தாள். தகடு உள்வாங்கி நசுங்கியிருந்தது. அதன்மேல் கறுப்பாக, பட்டையாக, சம்பந்தியின் டயர் தடம். அவள் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

"கைப்பிடியைத் தள்ளாம இருந்திருந்தா டயரோட போயிருக்காது. புரொப்பெல்லர் இறங்கியிருக்கும்" என்றாள். "யார் லீடர்?"

"நான்" என்றார்கள் இரண்டு பேரும்.

"யார் பின்னாடி வந்தது?"

இரண்டு பேரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள்.

விசாரணை வந்தது. இரண்டு பேருடைய உரிமமும் முடக்கப்பட்டது. அது நடந்துகொண்டிருக்கும்போதே கழகத்துப் பெஞ்சில் வேறொரு பேரம் ஓடியது. "மேல இருந்தவர் நீங்க, அதனால தப்புல முக்கால்வாசி உங்களுது" என்றார் இவர். "சொல்லாம கொள்ளாம அடியில புகுந்தவர் நீங்க, எனக்குக் கால்வாசிகூட வராது" என்றார் அவர். கடைசியில் பாதிப் பாதி என்று படிகிற நேரத்தில் போட்டோக்காரி வந்து நின்றாள்.

"பாதிப் பாதின்னு பேசினா எழுந்து போயிடுவேன்" என்றாள். "பாதிப் பாதிலதான் இடிச்சுக்கிட்டோம். தப்பைப் பத்திப் பேச்சில்ல. உங்களுக்குள்ள ஒருத்தர், ஆகாசத்துல, 'காணோம்'னு சொல்றதை நான் காதால கேக்கணும். கேக்குற வரைக்கும் காலண்டரும் கிடையாது, நான் உங்க கூட ஏறப்போறதும் கிடையாது. இனிமே சேர்ந்து பறக்கலாம்னு டீச்சரும் கையெழுத்துப் போட மாட்டாங்க."

"அது என்னம்மா பெரிய விஷயம்? இப்பவே சொல்றேன். காணோம். போதுமா?" என்றார் மாமனார்.

"தரையில சொல்றது செல்லாது மாமா."

பறக்க மறுபடியும் அனுமதி கிடைத்தபோது டீச்சர் விதிகளைக் கரும்பலகையில் எழுதினாள். டைல்ஸ்காரர் உயரத்தில், மரக்கடைக்காரர் தாழ்வாக. நடுவில் தாராளமான இடைவெளி. போக வர மரக்கடைக்காரரே லீடர். மாற்றம் கிடையாது. டைல்ஸ்காரர் பின்னால் வருவார், பார்த்துக்கொண்டே வருவார். லீடரும் திரும்பிப் பார்க்கும்போது பின்னால் வருகிறவர் கண்ணில் படாவிட்டால் அதைச் சொல்ல வேண்டும். டைல்ஸ்காரர் கரும்பலகையை வெகுநேரம் பார்த்தார். உயரத்தில் ஏதாவது குறைத்துக்கொள்ள முடியுமா என்று அவர் யோசிப்பதாகப் பட்டதால், மகள் பலகையைத் திருப்பி வைத்தாள்.

இரண்டு விமானமும் எழும்பிப் போயின. போட்டோக்காரியும் டீச்சரும் கொட்டகை வாசலில் மடக்கு நாற்காலி போட்டு, கையடக்க ரேடியோவை நடுவில் வைத்து உட்கார்ந்தார்கள். அன்று சூளையில் நெருப்பு மூட்டியிருந்தார்கள். புகை நேராக எழும்பாமல் பொட்டல் முழுக்கப் படுத்திருந்தது.

போனார்கள். திரும்பினார்கள். ரேடியோவில் மரக்கடைக்காரர், "பாலம் வந்தாச்சு" என்றார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

பெண்கள் இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். புகைக்கு அந்தப் பக்கம் எதுவும் தென்படவில்லை. எஞ்சின் சத்தம் மட்டும் எங்கிருந்தோ கேட்டது. அது ஒன்றா இரண்டா என்று பிரிக்க முடியவில்லை.

போட்டோக்காரி ரேடியோவை எடுத்தாள். டீச்சர் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கேக்குறேன். எங்க இருக்கீங்கன்னு மட்டும் கேக்குறேன்."

"இன்னைக்கு நீங்க கேட்டுருவீங்க. உயரம் தனித்தனியா கொடுத்திருக்கேன், இன்னைக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்த தடவை நீங்க இங்க இருக்க மாட்டீங்க."

"அவங்க அந்த உயரத்துலதான் இருப்பாங்கன்னு உங்களுக்கு உறுதியா தெரியுமா? டீச்சர், அவங்களை உங்களுக்குத் தெரியாது."

டீச்சரின் முகத்தில் முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. பிடி தளர்ந்தது. போட்டோக்காரி கட்டை விரலைப் பட்டன்மேல் வைத்தாள். அழுத்துவதற்குள் ரேடியோ கரகரத்தது.

ஒரு தொண்டைச் செருமல். அப்பாவுடையது. விலையில் கழிவு கொடுக்க ஒத்துக்கொள்வதற்கு முன்னால் கடையில் அவர் செருமுகிற செருமல். அதைக் கேட்டால் விற்பனைப் பையன்கள் பில் புத்தகத்தை எடுத்துவிடுவார்கள்.

"சம்பந்தி."

"சொல்லுங்க."

"உங்களைக் காணோம்."

போட்டோக்காரிக்குக் கண் நிறைந்தது. டீச்சர் மூச்சை விட்டாள். பிறகு மரக்கடைக்காரரின் குரல், பாரம் இறக்கிய நிம்மதியோடு வந்தது.

"எனக்கும்தான் சம்பந்தி. பாலத்துலேர்ந்தே உங்களைக் காணோம். நீங்க முதல்ல சொல்லட்டும்னு இருந்தேன்."

டீச்சர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். போட்டோக்காரி பட்டனை அழுத்தினாள்.

"அப்பா, இடது பக்கம் திரும்பி ஆத்தோரமா விலகி வந்து முதல்ல இறங்குங்க. மாமா, நீங்க அந்த உயரத்துலயே இருந்து புகைபோக்கிக்கு வெளிப்பக்கமா ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

"சரிம்மா" என்றார் அப்பா.

இடது பக்கத்தில், ஆற்றின்மேல், வெயிலில் ஒரு சின்ன மினுமினுப்பு திரும்புவது தெரிந்தது. பிறகு புகைக்கு மேலே, தாராளமான தூரத்தில் இன்னொன்று. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணை எடுக்காமல்.

ரேடியோ மறுபடியும் கரகரத்தது.

"மருமகளே."

"சொல்லுங்க மாமா."

"அவர் ஏம்மா முதல்ல?"